மூளைக்கு ரத்தம் குறைவதால் மறதியா, மறதியால் ரத்தம் குறைகிறதா?

கேள்வி | 2024 டிசம்பர் 8, காலை

அம்மாவுக்கு 71 வயது. ஒன்றரை வருஷமாக மறதி. கேஸை அணைக்க மறக்கிறார், போன வாரம் பேரன் பெயர் வாயில் வரவில்லை. எம்.ஆர்.ஐ எடுத்தோம். எடுத்த இடத்திலேயே ஒருவர், "மூளைக்கு ரத்தம் சரியாப் போகல, அதான் அல்சைமர் வருது, ஓட்டத்தைக் கூட்ட மாத்திரை இருக்கு" என்று சொல்லிவிட்டார். உண்மையா? ஓட்டத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா? வீட்டில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டிசம்பர் 8, இரவு

பாதி உண்மை. மீதிப் பாதி மாத்திரை விற்கிற பேச்சு.

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்கு 84. பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர், மதகு ஏற்றி இறக்குவதுதான் வேலை. 2018லிருந்து அல்சைமர். அதனால் ராத்திரி தூக்கம் இல்லாமல் நான் படித்துத் தள்ளியதுதான் கீழே வருவது எல்லாம்.

முதல் விஷயம்: சாதாரண எம்.ஆர்.ஐ ரத்த ஓட்டத்தை அளக்காது. மூளை சுருங்கியிருக்கிறதா, பழைய பக்கவாதத் தழும்பு இருக்கிறதா, வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு என்று காட்டும். ஓட்டத்தை அளக்க ஏ.எஸ்.எல் என்று தனி முறை உண்டு, ஸ்பெக்ட் ஸ்கேன் உண்டு. உங்கள் ரிப்போர்ட்டில் 'சிறு ரத்தக்குழாய் இஸ்கீமிக் மாற்றங்கள்' (ரத்தம் குறைந்ததன் அடையாளம்) என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் சொல்லியிருப்பார். எழுபது தாண்டியவர் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? இல்லையென்றால் அதை முதலில் பாருங்கள். ஸ்கேன் எடுப்பவர் வைத்தியம் சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

டிசம்பர் 9

நேற்று அவசரத்தில் எழுதியது. இந்த 'ரத்தம் போகல' பேச்சுக்கு ஒரு பெரிய பழங்கதை இருக்கிறது.

எனக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பாயிக்கு நினைவு தப்பிப்போனது. வீட்டுக்கு வந்த டாக்டர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "ரத்தக்குழாய் இறுகிப்போச்சும்மா, மூளைக்கு ரத்தம் ஏறல." அது 1976 வாக்கில். அந்த மனுஷன் மேல் தப்பில்லை, உலகமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. வயசானவர் தடுமாறினால் குழாய் இறுகிவிட்டது என்று அர்த்தம். அல்சைமர் என்பது நாற்பது, ஐம்பது வயதிலேயே வருகிற அபூர்வ வியாதிக்கு வைத்த பெயர்.

அந்த எண்ணத்தில் ரத்தக்குழாயை விரிக்கிற மாத்திரைகளை வருஷக்கணக்கில் கொடுத்தார்கள். ஹைடர்ஜின் என்று ஒன்று மிகப் பிரபலம். எர்காட் பூஞ்சையிலிருந்து அதைத் தயாரித்த ஆல்பர்ட் ஹாஃப்மன்தான் எல்.எஸ்.டி.யையும் கண்டுபிடித்தவர். சும்மா ஒரு தகவல்.

அப்புறம் காற்று திசை மாறியது. 1968ல் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த பிளெஸ்ட், டாம்லின்சன், ராத் மூவரும் வயசானவர்கள் இறந்த பிறகு மூளையை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். மறதி கூடியவர்கள் மூளையில், இந்த வியாதிக்குப் பெயர் தந்த டாக்டர் அல்சைமர் சொன்ன அதே புரதப் படிவுகள் கூடுதலாக இருந்தன. 1974ல் ஹச்சின்ஸ்கி, லாசன், மார்ஷல் ஒரு கட்டுரை எழுதி இன்னொரு ஆணி அடித்தார்கள்: ரத்தக்குழாயால் டிமென்ஷியா (முற்றிய மறதி நோய்) வருவதென்றால் அது பல சின்னச் சின்னப் பக்கவாதங்கள் வழியாக வருகிறது, குழாய் மெல்ல இறுகிக்கொண்டே போவதால் வருவதில்லை. 1976ல் கட்ஸ்மன், 'முதியோர் மறதி' என்று ஒதுக்கிவைத்ததில் பெரும்பங்கு அல்சைமரே என்று எழுதினார்.

எங்கள் வீட்டுக்கு டாக்டர் வந்துபோன அதே வருஷம். அந்தச் சேதி எங்கள் ஊருக்கு வந்துசேர இன்னும் இருபது வருஷம் ஆயிற்று.

அதோடு ரத்தக் கட்சி தோற்றது, அமிலாய்டு கட்சி ஆட்சிக்கு வந்தது. (அந்தப் படிவுகளில் இருக்கும் புரதம்தான் அமிலாய்டு.) வேடிக்கை என்னவென்றால், 1984ல் கிளென்னரும் வாங்கும் பீட்டா அமிலாய்டை முதன்முதலில் பிரித்தெடுத்தது மூளைத் திசுவிலிருந்து இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையின் ரத்தக்குழாய்களிலிருந்து! ஆதாரமே குழாய்க்குள்தான் கிடந்தது.

டிசம்பர் 9, பிற்பகல்

ஒன்று விட்டுப்போயிற்று. ஆகஸ்டே டீட்டர், அல்சைமர் 1901ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பார்த்த அந்த முதல் நோயாளி. 1907 கட்டுரையில் அவள் மூளையைப் பற்றி எழுதும்போது பெரிய ரத்தக்குழாய்கள் தடித்திருந்தன என்று அல்சைமரே குறித்திருக்கிறார். ஆக முதல் கேஸிலேயே ரத்தக்குழாய் சம்பந்தம் இருந்திருக்கிறது.

டிசம்பர் 10

மேலே எழுதியதை அடித்துப் படியுங்கள். அல்சைமர் அப்படிக் குறித்தது சரி. ஆனால் அவளுடைய மூளைத் துண்டுகள் வைத்த கண்ணாடிச் சில்லுகள் மியூனிக்கில் திரும்பக் கிடைத்து, 1998ல் மறுபடி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். படிவுகள் இருந்தன, முடிச்சுகள் இருந்தன. நுண்ணோக்கியில் ரத்தக்குழாய்ச் சேதம் எதுவும் தென்படவில்லை. நான் நேற்று வழக்கை ஜெயித்துவிட்ட நினைப்பில் எழுதிவிட்டேன்.

டிசம்பர் 12

'ரத்தம் போகல' என்றதும் எல்லோரும் கழுத்துக்குழாயை நினைத்துக்கொள்கிறார்கள். மச்சினன் போன் பண்ணி, "மாமா, டாப்ளர் எடுத்து பிளாக்கை நீக்கிடலாமே" என்கிறான். இவனுக்கு எல்லாமே பிளாக்.

மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம்தான். இழுக்கிற ஆக்ஸிஜன் 20 சதவீதம். 100 கிராம் மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 50 மி.லி ரத்தம், மொத்தமாக முக்கால் லிட்டர். இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நுண்குழாய்களை நீட்டிப் போட்டால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். காவிரியே 800 சொச்சம்தான்.

அப்பா பாஷையில் சொன்னால் மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது, கல்லணையிலும் திறந்தாயிற்று, ஏ, பி வாய்க்கால் வரை ஓடுகிறது. கடைசியில் சி, டி வாய்க்காலில் வெங்காயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. கடைமடை காய்கிறது.

இது வெறும் உவமை இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நிஷிமுரா, ஷாஃபர் குழு அல்சைமர் எலிகளின் மூளையை உயிரோடிருக்கும்போதே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். சுமார் 2 சதவீத நுண்குழாய்களில் ஓட்டம் நின்றுகிடந்தது. சாதாரண எலியில் இது அரை சதவீதத்துக்கும் கீழே. அடைத்துக்கொண்டிருந்தது கொழுப்பு இல்லை, வெள்ளையணு! நியூட்ரோஃபில் என்கிற சிப்பாய் செல், குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு வழிமறிக்கிறது. 2 சதவீதம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஒரு குழாய் நின்றால் அதற்குக் கீழே அதை நம்பியிருக்கும் குழாய்களிலும் வேகம் விழுகிறது. அந்த வெள்ளையணுக்களை ஒரு ஆன்டிபாடி கொடுத்து விரட்டினால் ஓட்டம் உடனே கூடுகிறது, சில மணி நேரத்தில் எலியின் ஞாபகச் சோதனை மதிப்பெண்ணும் ஏறுகிறது. 2019ல் வந்த கட்டுரை.

அதில் எனக்கும் ஒரு அணில் பங்கு உண்டு என்று பீற்றிக்கொள்ளலாம். அந்த எலி வீடியோக்களைப் பொதுமக்களிடம் கொடுத்து எந்தக் குழாய் ஓடுகிறது, எது நிற்கிறது என்று குறிக்கச் சொல்லி ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள், ஸ்டால் கேட்சர்ஸ் என்று பெயர். 2020 ஊரடங்கில் அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து 'ஷட்டர் இறக்கியாச்சா' என்று கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் நான் போனில் எலி மூளையில் குழாய் பார்த்துக்கொண்டிருப்பேன். கறுப்புப் புள்ளி நகர்ந்தால் ஓட்டம், ஒரே இடத்தில் நின்றால் அடைப்பு. ஒருநாள் அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி நிக்குதே" என்றார். சரியாகத்தான் சொன்னார். அடைப்பு என்று குறித்தேன்.

(அணில் பங்கு என்றது திருத்தம் கேட்கிறது. கட்டுரை 2019. நான் ஆடியது 2020. என் பங்கு ஒன்றுமில்லை.)

டிசம்பர் 13

கேட்டவர் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், "அந்த ஆன்டிபாடி இங்கே கிடைக்குமா?" என்று.

கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். அது பிடிக்கிற லை6ஜி என்ற புரதம் எலியின் வெள்ளையணுவில்தான் உண்டு, மனுஷனுக்கு இல்லை. தவிர, நியூட்ரோஃபிலைத் துடைத்துவிட்டால் சாதாரணச் சளி, புண் கூட உயிருக்கு உலைவைக்கும்.

அதே 2019ல் லண்டனில் டேவிட் அட்வெல் குழு இன்னொரு முனையைப் பிடித்தது. நுண்குழாயை வெளியிலிருந்து கட்டிப்பிடித்தபடி பெரிசைட் என்ற செல்கள் இருக்கின்றன. பீட்டா அமிலாய்டு பட்டால் அவை குழாயை இறுக்குகின்றன. எலியில் மட்டும் பார்க்கவில்லை, மனித மூளையிலிருந்து எடுத்த திசுவிலும் பார்த்தார்கள். ஆக வாய்க்காலில் தாமரையும் இருக்கிறது, கரையும் உள்ளே சரிகிறது.

குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நான்காம் படிக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது முதல்முறையாக உபயோகப்படுகிறது.

டிசம்பர் 14

உபயோகப்படவில்லை. அந்தக் கணக்கு தண்ணீர் மாதிரி ஒரே சீரான திரவத்துக்கு. நுண்குழாயில் சிவப்பணு தன்னைவிடக் குறுகலான குழாய்க்குள் உடம்பை மடக்கிக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழைகிறது. அங்கே இன்னும் மோசமாக இருக்கும், எவ்வளவு என்று என் பள்ளிக்கூடக் கணக்கு சொல்லாது. இயற்பியல் வாத்தியார் ஒருவர் கீழே வந்து காதைத் திருகியிருக்கிறார். நன்றி ஐயா.

டிசம்பர் 20

இவ்வளவு நாள் ஒருபக்கமாகவே எழுதிவிட்டேன். இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் தலைப்பிலேயே இருக்கும் கேள்வி.

தரிசு நிலத்துக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்கள்? வயலில் பயிர் இல்லை, அதனால் மடை திறக்கவில்லை என்றும் இருக்கலாம் அல்லவா? மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. எந்தப் பகுதி உழைக்கிறதோ அதற்குச் சில நொடிக்குள் கூடுதல் ரத்தம் வரும். செல்கள் செத்து, இணைப்புகள் அறுந்து, வேலை குறைந்துபோன இடத்துக்கு ரத்தமும் குறைவாகவே வரும். ஸ்பெக்ட் ஸ்கேனில் பக்கவாட்டிலும் பின்னாலும் ஓட்டம் குறைந்து தெரிவதில் ஒரு பங்கு இப்படி வந்ததாகவே இருக்க வேண்டும். அமிலாய்டுக்காரர்கள் முப்பது வருஷமாகச் சொன்னது இதைத்தான்: ஓட்டம் குறைவது விளைவு, காரணம் இல்லை.

அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. 2016ல் மான்ட்ரியலில் இதுரியா மெதினாவும் ஆலன் எவன்ஸும் 1,171 பேருடைய தரவுகளை, 7,700க்கு மேற்பட்ட மூளைப் படங்களைப் போட்டு, எது முதலில் மாறுகிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். வயசானபின் வரும் அல்சைமரில் முதலில் தெரிந்தது ரத்த ஓட்டக் கோளாறு. அமிலாய்டு அதற்கு அப்புறம். நல்ல நிலையில் இருப்பவர், லேசாக மறப்பவர், முற்றியவர் என்று பலரை அடுக்கிவைத்துச் செய்த ஊகம் இது, ஒரே ஆளை இருபது வருஷம் பின்தொடர்ந்து பார்த்தது இல்லை. இருந்தாலும் ரத்தக் கட்சிக்கு டெபாசிட் திரும்பக் கிடைத்தது.

இதில் யார் முதலில் என்று கேட்பதே தப்போ என்றும் தோன்றுகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அமிலாய்டை வெட்டி உண்டாக்கும் என்சைம் கூடுகிறது. அமிலாய்டு கூடினால் பெரிசைட் குழாயை இறுக்குகிறது. இறுக்கினால் ஆக்ஸிஜன் குறைகிறது. வாய்க்கால் அடைத்ததால் ஊர் காலியாயிற்றா, ஊர் காலியானதால் தூர்வார ஆளில்லாமல் வாய்க்கால் அடைத்ததா? எங்கள் பக்கம் ரெண்டும் நடந்திருக்கிறது.

டிசம்பர் 28

"கூட்டினால் சரியாகுமா" என்ற அசல் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று ஒருவர் கடிந்திருக்கிறார். நியாயம்.

கூட்டிப் பார்த்துவிட்டார்கள். நில்வடிபின் என்று பிரஷருக்கான மருந்து. ஐரோப்பாவில் 511 அல்சைமர் நோயாளிகளுக்கு, பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, ஒன்றரை வருஷம். 2018ல் முடிவு வந்தது: மறதி ஓடுகிற வேகத்தில் வித்தியாசம் இல்லை. சரி, மருந்து மூளைக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லலாம். அதற்கும் வழி இல்லை. அதே ஆய்வில் 44 பேருக்கு ஆறு மாதம் கழித்து ஏ.எஸ்.எல் எடுத்துப் பார்த்ததில், ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸில் ஓட்டம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது!

தண்ணீர் வந்தது, பயிர் எழவில்லை. வியாதி தெரியவருவதற்குள் பயிர் போயிருக்கலாம்.

அதனால் 'ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை' என்று யார் சொன்னாலும் இந்த 44 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிங்கோ பிலோபாவும் இதே வகை. சிங்கப்பூரிலிருந்து சின்ன அத்தை மகன் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்தான். அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008லேயே எழுதிவிட்டார்கள். அப்பா மூன்று டப்பா முடித்தார். நாலாவது டப்பா அலமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

2025 ஜனவரி 4

எங்கள் வீட்டில் நடந்த ஒன்று. இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2022ல் அப்பாவுக்கு பிரஷருக்கு மூன்று மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மயங்கி மயங்கி உட்கார்ந்திருப்பார். வியாதி முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் விடியக்காலை கொல்லைப்பக்கம் போகும்போது விழுந்தார். நெற்றியில் நாலு தையல். தையல் போட்ட டாக்டர் சின்ன வயசுப் பெண். அப்பாவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், 130. எழுப்பி நிறுத்தி மூன்று நிமிஷம் கழித்துப் பார்த்தார், 98. "நிக்கும்போது தலைக்கு ரத்தம் போறதில்லை ஐயாவுக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அப்பாவை நிற்கவைத்து பிரஷர் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

ஒரு மாத்திரையை நிறுத்தினார். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார். பத்தே நாளில் ஆள் மாறிவிட்டார். பேப்பரைக் கையில் எடுத்தார், தலைப்பைச் சத்தமாகப் படித்தார். என் பெண்ணைப் பார்த்து, "எந்த வகுப்பு படிக்கிறே?" என்றார். அவள் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தாலும் 'படிக்கிற பிள்ளை' என்று தெரிந்ததே!

மூளைக்கு ரத்தம் போனால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஜனவரி 5

மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் நான் பொறுப்பில்லை. நடுவயதில் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் இந்த விவகாரத்தில் இருப்பதிலேயே உருப்படியான காரியம். ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர். மேல் பிரஷரை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு, 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, லேசான ஞாபகக் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. டிமென்ஷியாவும் குறைந்த மாதிரி இருந்தது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. பிரஷரைக் குறைத்தால் மூளை பட்டினி கிடக்கும் என்று பயந்தார்களே, அதுவும் நடக்கவில்லை. அளந்தவர்களுக்கு ஓட்டம் கொஞ்சம் கூடத்தான் செய்தது.

ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு நியாயம், எண்பது தாண்டி, நின்றால் தலைசுற்றும் ஆளுக்கு வேறு நியாயம். நிற்கவைத்துப் பாருங்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். அவ்வளவுதான் நான் சொல்வது.

ஜனவரி 19

வீட்டில் அவள் இந்த இழையைப் படித்துவிட்டாள்.

"பிரஷர் மாத்திரை நிறுத்துன அதே வாரம் ராத்திரி அரிப்பு மாத்திரையையும் நிறுத்தினோமே, அதை ஏன் எழுதல?" என்றாள்.

எழுதவில்லை, ஏனென்றால் மறந்துவிட்டேன். (சிரிக்காதீர்கள். எனக்கும் 58 ஆகிறது.) போய்ப் பழைய சீட்டுகளைத் தேடினேன். அவள் சொன்னது சரி. அப்பா மூன்று வருஷமாக ராத்திரி அரிப்புக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், தூக்கமும் வரும் என்று கடையில் கொடுத்தது. அந்தப் பெண் டாக்டர் அதையும் அடித்திருக்கிறார். அந்தப் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள், ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மூளையில் தடுக்கும். அல்சைமருக்கு அப்பா சாப்பிடும் டோனெபிசிலோ அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகக் கொடுப்பது. காலையில் ஒரு கை ஏற்றுகிறது, ராத்திரி இன்னொரு கை இறக்குகிறது. மூன்று வருஷம் நாங்களே ஷட்டரோடு விளையாடியிருக்கிறோம்.

ஆக அப்பா தெளிந்தது ரத்தம் போனதாலா, அரிப்பு மாத்திரை நின்றதாலா? ஒரே வாரத்தில் ரெண்டையும் மாற்றியிருக்கிறோம், பிரித்துச் சொல்ல வழியே கிடையாது. 'கண்ணால் பார்த்தேன்' என்று ஜனவரி 4ல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நான் பார்த்தது அப்பா பேப்பர் படித்ததை மட்டும்தான்.

ஜனவரி 4 பதிவை அழிக்காமல் இங்கேயே விடுவதற்குக் காரணம், இந்த மாதிரிக் கதைகளை வைத்துத்தான் அந்த ஹைடர்ஜின் முப்பது வருஷம் ஓடியிருக்கும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 2

உப்பு பற்றி ஒருவர் கேட்டார். கருவாடு, மாங்காய் ஊறுகாய் பேச்சும் வந்தது, ஊர்வம்பு மாதிரிப் போய்க்கொண்டிருக்கிறது.

நியூயார்க்கில் இயாடெகோலா குழு எலிகளுக்கு வழக்கமான தீனியைவிடப் பல மடங்கு உப்பு போட்டார்கள். பிரஷர் ஏறுவதற்கு முன்பே மூளை ரத்த ஓட்டம் கால்வாசி குறைந்தது, எலிகளுக்கு மறதி வந்தது. குடலிலிருந்து கிளம்பும் ஒரு அழற்சிப் பொருள் ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறதாம். 2018ல் வந்தது. 'உப்பைக் குறை' என்று கிராமத்து டாக்டர் சொல்வதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. அந்த எலிகள் தின்ற அளவுக்கு நாம் கருவாடே தின்றாலும் எட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 3

உப்பு எலிகளின் அடுத்த பாகத்தை ராத்திரிதான் படித்தேன். படித்திருந்தால் டிசம்பரில் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

2019ல் அதே குழு. உப்பு தின்ற எலிகளின் மூளையில் டௌ என்ற புரதம் கெட்டுப்போகிறது. அல்சைமரில் செல்லுக்குள் முடிச்சு விழுவது இந்த டௌவினால்தான். பிறவியிலேயே டௌ இல்லாத எலிகளுக்கும் அதே உப்பைக் கொடுத்தார்கள். அவற்றுக்கும் ரத்த ஓட்டம் குறைந்தது. குறைந்தபடியே இருந்தது. ஆனால் மறதி வரவில்லை! டௌவுக்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்த எலிகளும் அப்படியே, ஓட்டம் குறைவு, ஞாபகம் நலம்.

ராத்திரியிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நில்வடிபினில் ஓட்டம் கூடியும் மறதி நிற்கவில்லை. இங்கே ஓட்டம் குறைந்தும் மறதி வரவில்லை. அப்படியானால் மூளை பட்டினியால் மட்டும் மறப்பதில்லை. கெட்டுப்போன ரத்தக்குழாய் வேறு ஏதோ சேதியையும் செல்லுக்கு அனுப்புகிறது, அல்லது அனுப்பவேண்டியதை அனுப்பாமல் விடுகிறது. உப்பு எலியில் அது நைட்ரிக் ஆக்ஸைடு என்கிறார்கள். குழாய்ச் சுவர் அதைச் சுரக்காமல் போனால் டௌ கெடுகிறது.

என் வாய்க்கால் உவமை இந்த இடத்தில் உடைகிறது. வாய்க்காலின் கரை பயிரோடு பேசாது. ரத்தக்குழாயின் சுவர் பேசுகிறது. இனி அந்த உவமையைச் சொன்னால் யாராவது தடுக்கவும்.

மார்ச் 16

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். அம்மாவை நியூராலஜிஸ்டிடம் காட்டினார்களாம். பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். ஞாபகச் சோதனையில் அல்சைமர் ஆரம்பமாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். "கலந்து என்றால் எது என்று தெரியாது என்பதுதானே?" என்று கோபப்படுகிறார்.

கோபப்படாதீர்கள், அது டாக்டர் நழுவுகிற பேச்சு இல்லை. அமெரிக்காவில் கன்னியாஸ்திரீகள் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்கு எழுதிக்கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. 1997ல் ஸ்னோடன் எழுதியது: இறந்த 102 பேரின் மூளையைப் பார்த்ததில், அல்சைமர் படிவுகள் இருந்தவர்களில், ஆழத்தில் ஒன்றிரண்டு சின்னப் பக்கவாதத் தழும்பும் சேர்ந்திருந்தவர்களுக்கே டிமென்ஷியா மிக அதிகம். படிவு ஒன்றைத் தாங்கிக்கொண்டிருந்த மூளை, தழும்பும் சேர்ந்தபோது சரிந்திருக்கிறது. எண்பது வயது மூளையில் கலப்புதான் வாடிக்கை. உங்கள் அம்மாவின் டாக்டர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார், நல்ல டாக்டர்.

நிமோடிபின் பற்றியும் கேட்டிருக்கிறார். ஆமாம், 2024ல் அட்வெல் குழு அல்சைமர் எலிகளுக்கு அதைக் கொடுத்து, பெரிசைட்டுகள் தளர்ந்து ஓட்டம் கூடியதாக எழுதியிருக்கிறது. வெள்ளையணு அடைப்பும் குறைந்ததாம். எலி. மறுபடி எலி. டிசம்பர் 28ஐத் திரும்பப் படியுங்கள், நில்வடிபின் அதே சாதிதான். வியாதி தெரிவதற்கு முன்பே, இருபது வருஷம் முன்னால் கொடுத்தால் வேலை செய்யுமோ என்னவோ.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். டி.வி.யில் ஷட்டரிலிருந்து தண்ணீர் சீறுவதைக் காட்டினார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கடைமடைக்கு எப்ப வரும்?"

"பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்ப்பா."

"தூர் வாரினானுங்களா?"

"வாரியிருப்பாங்க."

"வாரியிருக்க மாட்டானுங்க."

ஒரு வருஷமாக இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டதில்லை. ரெண்டு நிமிஷம் கழித்து மறுபடி எப்ப வரும் என்று கேட்டார். மறுபடி. நாலாவது முறை என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு சார்?" என்றார்.

பெயரைச் சொல்லி, ஊரையும் சொன்னேன். "நம்ம ஊருதானா" என்று சந்தோஷப்பட்டார்.

கேட்டவருக்கு: நாடித்துடிப்பு சீராக இல்லை, 24 மணி நேர இ.சி.ஜி மாட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிப்பது) இருந்தால் இதயத்திலிருந்து ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாம், அதற்கு நிஜமாகவே மாத்திரை இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள்.